சேஷம்மாவின் மாதமும் எங்கள் மாதமும்

1

அன்று சித்தூரில் ஜில்லா கல்வி ஆபீஸ் வராந்தாவில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கன்னியம்மாள், எங்கள் எட்டு வயது மகள் தேவகி, மனு வாங்கும் குமாஸ்தா, ஒரு பியூன். வராதவர்கள் மூன்று பேர். தேவகியைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொன்ன திருப்பதி ஹெட்மாஸ்டர் வரவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கார அம்மா சேஷம்மா வரவில்லை; நடந்ததில் பாதி அவரால்தான் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. ஊரிலிருந்து என் தகப்பனார், நைனா, வரவில்லை. இடம் கிடைக்காவிட்டால் பேத்தியை அழைத்துக்கொண்டு போக மறுநாள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

நம் ஊர் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லி முனிரத்தினம் கார்டு போட்டிருந்தான். எல்லை பிரித்து ஒரு வருஷம் ஆகிறது, மலர் போடுகிறோம், நீ அயல்நாட்டில் இருப்பவன், அங்கே வாழ்க்கை எப்படி என்று எழுது என்று கேட்டிருந்தான். கேலிதான். காலையில் திருத்தணியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் அயல்நாட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் கேலி மட்டும் இல்லை. நான் வேலைக்காக ஊரை விட்டுச் சித்தூருக்குப் போனபோது ஒரே ஜில்லாவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத்தான் போனேன். பிறகு கோடு போட்டார்கள். ஊர் மெட்ராஸ் ஸ்டேட்டுக்குப் போயிற்று, நான் ஆந்திராவில் நின்றுவிட்டேன். நான் ஊரை விட்டு வந்தது பாதி, ஊர் என்னை விட்டுப் போனது பாதி.

நான் இப்போது இருக்கும் திருப்பதியின் மலையைப் பற்றி எழுதலாம் என்றால், நீங்கள் எல்லோரும் வந்து மொட்டை போட்டுக்கொண்டு போனவர்கள். அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். என் மகளுக்கு மூன்றாம் வகுப்பில் ஓர் இடம் வாங்கிய கதை.

2

நான் பஸ் கம்பெனியில் புக்கிங் குமாஸ்தா. ஆறு வருஷம் சித்தூர் ஸ்டாண்டில் இருந்தேன். என்னுடைய தெலுங்கு பஸ் தெலுங்கு. எக்கண்டி, திகண்டி, சில்லர லேது. ஏறுங்கள், இறங்குங்கள், சில்லரை இல்லை. இந்த மூன்றோடு ஊர்ப் பெயர்களும் எண்களும் தெரிந்தால் மாதச் சம்பளம் வாங்கிவிடலாம். நாயுடுபேட்டைக்கு எத்தனை மணிக்கு, புத்தூருக்கு எவ்வளவு, இதற்கெல்லாம் என் நாக்கு நின்றதே இல்லை. ஆனால் ஒருவரிடம் கோபித்துக்கொள்ளவோ, கெஞ்சவோ அந்தத் தெலுங்கில் வார்த்தை இல்லை.

தேவகி அப்படி இல்லை. சித்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கில் படித்தாள். தெலுங்கில் எண்ணுவாள், தெலுங்கில் சண்டை போடுவாள், தூக்கத்தில் ஏதாவது உளறினால் அதுவும் தெலுங்கு. கன்னியம்மாள் சொல்வாள், "சோறு கேக்கும்போது மட்டும்தான் இவ எம்பொண்ணு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஆனால் பெண் மார்க்கு வாங்குகிறாளே என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், என்னைத் திருப்பதி ஸ்டாண்டுக்கு மாற்றி ஆர்டர் வந்தது. மறுநாள் காலையில் நான் செய்த முதல் காரியம், தேவகிக்கு டி.சி. வாங்கியது. வீடு பார்த்தாகிவிட்டதா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். ஒரு வாரத்தில் பார்த்துவிடுவேன் என்றேன். அப்படியானால் ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளுங்களேன் என்றார். நான் கேட்கவில்லை. எங்கள் வம்சத்தில் காகிதத்தைக் கையில் பிடித்தவன் நான்தான் முதல். மற்றவர்கள் கைநாட்டு வைத்துவிட்டு என்ன எழுதியிருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டவர்கள். ஆகவே காகித வேலை முன்னால் போக வேண்டும், ஆட்கள் பின்னால் போகலாம் என்பது என் கட்சி. டி.சி.யை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை முடித்தோம் என்று ஸ்டாண்டுக்குப் போனேன்.

திருப்பதியில் வீடும் நல்லபடியாகவே கிடைத்தது. இரண்டு அறை, பின்னால் கிணறு, வாடகை பன்னிரண்டு ரூபாய். நாலு வீடு தள்ளிப் பள்ளிக்கூடம். வீட்டுக்கார அம்மா சேஷம்மா முன்பக்கத்தில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாமான் கொண்டுவருகிறோம் என்று நான் சொன்னதும் அவர் கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஆஷாடம் வஸ்தாந்தி நாயனா."

ஆஷாட மாதம் வருகிறது, அதில் புதுக்குடித்தனம் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. மாதம் முடிந்து ஸ்ராவணத்தில் வாருங்கள், என்னால் நின்றதால் அந்த மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்றார். நியாயமான மனுஷி.

நான் கவலைப்படவே இல்லை. சித்தூருக்கு வந்து கன்னியம்மாளிடம் சொன்னேன், ஆஷாடம் என்றால் நம் ஆடிதான், ஆடியில் நாமும் வீடு மாற மாட்டோம், இரண்டு பேருக்கும் ஒரே மாதமாகப் போயிற்று, ஒரு மாதம் பொறுத்தால் போதும் என்று.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஆடி பொறக்க இன்னும் இருவது நாளு கீதே."

"அவங்க கொஞ்சம் முன்னாடி ஆரம்பிப்பாங்க போல."

"முன்னாடி ஆரம்பிச்சா முன்னாடி முடிஞ்சிடுமா?"

முடிந்துவிடும் என்றேன். அது உண்மைதான். அவர்களுடையது முடிந்துவிட்டது.

3

அமாவாசை கழிந்த மறுநாள் சேஷம்மா ஒரு டிரைவரிடம் சொல்லியனுப்பினார். ஆஷாடம் போயிற்று, ஸ்ராவண வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்ச வரச் சொல்லுங்கள். நான் சாமான் ஏற்ற ஒரு வண்டி பேசிவிட்டு வீட்டுக்குப் போனேன். கன்னியம்மாள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆடி பொறந்து பத்து நாளுதான் ஆவுது. நான் வரமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுடைய மாதம் அமாவாசைக்கு அமாவாசை போகிறது. நம்முடையது சூரியனைப் பார்த்துப் போகிறது. ஆஷாடமும் ஆடியும் அக்கா தங்கை மாதிரி, ஒருத்தி முன்னால் கிளம்பி முன்னால் வந்துவிடுகிறாள். இது ஸ்டாண்டில் டீ போடுகிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த எனக்குத் தெரியவில்லை.

நான் வாதாடிப் பார்த்தேன். நாம் இருப்பது ஆந்திராவில், இங்கே ஸ்ராவணம் பிறந்துவிட்டது, இந்த ஊர் வழக்கப்படி நல்ல மாதம்தான் என்றேன்.

"கோடு போட்டவங்க மாசத்தையுமா மாத்திட்டுப் போனாங்க?" என்றாள்.

வண்டிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். சேஷம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அது உங்க மாசம் நாயனா, அப்ப வாடகை உங்களுது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அதுவும் நியாயம்தான். அவருடைய மாதத்துக்கு அவர் விட்டுக்கொடுத்தார், எங்கள் மாதத்துக்கு நாங்கள் கொடுத்தோம்.

நான் திருப்பதியில் கம்பெனி அறையில் படுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சித்தூர். அங்கே பார்க்கச் சகிக்காத காட்சி ஒன்று இருந்தது என்று கன்னியம்மாள் சொன்னாள். ஒவ்வொரு நாளும் காலையில் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பிரேயர் மணி அடிக்கும்போது, தேவகி தலை வாரிக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் கைகட்டி நிற்பாளாம். அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடி முடித்து வகுப்புக்குப் போனதும் இவள் வீட்டுக்குள் வந்துவிடுவாளாம். திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வருத்தப்பட்டார். டி.சி. கொடுத்த மறுவாரமே அந்த இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்துவிட்டது.

ஆவணி பிறந்தது. ஸ்ராவணம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போன ஐந்து நாள். அதையும் தவற விட்டிருந்தால் சேஷம்மாவுக்கு அடுத்து வரும் பாத்ரபதம் ஆகாது, கன்னியம்மாளுக்குப் புரட்டாசி ஆகாது, நான் இன்னமும் கம்பெனி அறையிலேயே படுத்திருப்பேன். மூன்றாம் நாள் பால் காய்ச்சினோம். சேஷம்மா பாலுக்குச் சர்க்கரை கொண்டுவந்தார். மறுநாள் காலை தேவகியைக் கையைப் பிடித்து நாலு வீடு தள்ளி அழைத்துப் போனேன்.

ஹெட்மாஸ்டர் டி.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி ஜூனில் இருக்கிறது, வந்திருப்பது ஆகஸ்டு கடைசியில். ஜூலையோடு அட்மிஷன் ரிஜிஸ்டர் மூடியாயிற்று, நடுவில் இரண்டு மாதம் பிள்ளை எங்கே இருந்தது என்று மேலே கேட்பார்கள், மேலிடத்து ஆர்டர் இல்லாமல் தொட மாட்டேன், இல்லையென்றால் அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தேவகிக்குச் சாக்பீஸ் துண்டு ஒன்று கொடுத்து அனுப்பினார்.

4

திரும்பி வரும்போது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த விதத்தை நினைத்துக்கொண்டேன். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன்; பத்திரிகை படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

நம் எலிமெண்டரி ஸ்கூலுக்குக் கிராண்டு வர வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் தலைகள் இருக்க வேண்டும். நிலக்கடலை பிடுங்குகிற சமயத்தில் எந்தத் தலை பள்ளிக்கூடத்தில் இருக்கும்? இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் வாத்தியார் கொல்லை கொல்லையாக வருவார். கையில் கிடைத்த பிள்ளையை எல்லாம் கூட்டிப்போய், முகம் கழுவி, வரிசையாக உட்கார வைப்பார். எண்ணி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை அவித்த கடலை. நானும் அப்படி ஒரு நாள் தலைக்கணக்குக்குப் போனவன்தான். நைனாவும் அம்மாவும் ஒரு கொல்லையில் கூலிக்குக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் போனதும் மற்றவர்கள் கடலையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். வாத்தியார் போடா என்றார். நாளைக்கும் இன்ஸ்பெக்டர் வருவாரா என்று கேட்டேனாம். சாயங்காலம் தேடிக்கொண்டு வந்த நைனா என்னைப் பார்த்துவிட்டு, "சரி, ஒக்காந்துகினு கீறான், இருந்துட்டுப் போவட்டும்" என்றாராம். அதுதான் என் அட்மிஷன். ஒரு கையெழுத்துக்கூட இல்லை.

ஒரு தலைக்கு அலைந்த பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். என் மகளுடைய தலையை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் எங்கே இருந்தாள் என்று ஒரு காகிதம் கேட்கிறது. என்ன பதில் எழுதுவது?

5

விஷயம் ஊருக்குப் போயிற்று. நைனா சொல்ல முனிரத்தினம் எழுதிய கார்டு வந்தது. நம் ஸ்கூலில் இடம் கிடக்கிறது, இப்போது மெட்ராஸ் சர்க்கார் ஸ்கூல், தமிழில் படிக்கட்டும், பேத்தியை அனுப்பு. நைனா பிரியமாகத்தான் சொன்னார். தேவகியைக் கேட்டேன். அங்கே போனால் திரும்ப ஒன்றாம் வகுப்பா என்று கேட்டாள். தமிழ் எழுத்து அவளுக்கு அவள் பெயர் மட்டும் தெரியும்.

கன்னியம்மாள் வேறு கணக்குப் போட்டாள். "அவ போனா நானும் போறேன். எட்டு வயசுப் புள்ளைய அங்க வுட்டுட்டு நான் இங்க யாருக்குச் சோறாக்கறது?"

"எனக்கு" என்றேன்.

"நீ ஓட்டல்ல துன்னுக்கோ."

விளையாட்டாகச் சொன்னாலும் துணிமணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். பால் காய்ச்சி இரண்டு வாரம் ஆகவில்லை. வீடு எனக்கு, அவர்கள் இரண்டு பேரும் எல்லைக்கு அந்தப் பக்கம். அப்படி ஆனால் நான் நிஜமாகவே அயல்நாட்டுக்காரன்தான்.

ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள். இரண்டு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மெடிக்கல் சர்டிபிகேட் வைத்தால் எந்த ஆபீசும் வாய் திறக்காது. தெரிந்த ஒரு கம்பவுண்டர் இரண்டு ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார். சாதாரணக் காய்ச்சல் இரண்டு மாதம் தாங்காது என்று அவரே டைபாய்டாக்கினார். நான் மூன்று நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் மனு எழுதினேன். என் எஸ்.எஸ்.எல்.சி. முழுவதும் அதில் இருந்தது. முக்கால் ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, டைபாய்டைப் பின் குத்தி, திருப்பதியில் டெபுடி இன்ஸ்பெக்டர் ஆபீசில் கொடுத்தேன். அது அங்கிருந்து சித்தூருக்குப் போயிற்று. செப்டம்பரில் பிள்ளையோடும் தாயாரோடும் ஆஜராகவும் என்று கார்டு வந்தது.

சர்டிபிகேட் விஷயம் கன்னியம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது என்று தெரியும். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு வியாதி என்று வாயால் சொல்வதையே அவள் பொறுக்க மாட்டாள்.

6

ஜில்லா கல்வி ஆபீசர் ஒல்லியாக, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டிருந்தார். தெலுங்குக்காரர், ஆனால் சித்தூர்க்காரர், ஆகவே இரண்டு பாஷையும் அவருக்கு ஒரே வாயில் இருந்தது. மனுவை முழுவதும் படித்தார். ஹெட்மாஸ்டர் காகிதத்தைப் படித்தார். சர்டிபிகேட்டைப் படித்தார். பிறகு வராந்தாவைப் பார்த்தார். தேவகி அங்கே தூணைக் கட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். வழியில் வாங்கிக்கொடுத்த வடையின் எண்ணெய் வாயைச் சுற்றி மினுங்கியது.

அவர் கன்னியம்மாளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "டைபாய்டு வந்த புள்ள. இப்போ தேவலையாம்மா?"

"யாருக்கு சாமி?"

"உங்க பொண்ணுக்குத்தான்."

"எம்பொண்ணுக்கு ஒரு நாளு தலவலிகூட வந்ததில்ல சாமி. யாரு சொன்னது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் சிவப்பு சிமெண்டு. அதில் ஓர் இடத்தில் விரிசல் இருந்தது, இன்றைக்குக் கேட்டாலும் அதன் வளைவை வரைந்து காட்டுவேன். பொய் சர்டிபிகேட் கொடுத்தான் என்று கம்பெனிக்கு ஒரு வரி எழுதினால் என் வேலை என்ன ஆகும், நைனா நாளைக்கு எந்த பஸ்ஸில் வருவார், மூன்று பேரையுமா அழைத்துப் போவார் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். கெஞ்சுவதற்கு என்னிடம் தெலுங்கு இல்லை என்று முன்பே சொன்னேன். அந்த நேரத்தில் தமிழும் இல்லை.

ஆபீசர் என்னிடம் பேசவில்லை. கன்னியம்மாளிடமே கேட்டார், காய்ச்சல் இல்லை என்றால் இரண்டு மாதம் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று.

"வூடு மாறணும் சாமி. ஆடி மாசத்துல எப்பிடி மாறுவாங்க?"

"ஆடி ஒரு மாசம்தானே. இங்க ரெண்டு மாசம் போயிருக்குது. இன்னொண்ணு?"

"அது எங்க மாசம் இல்ல சாமி. அது வூட்டுக்காரம்மாளோட மாசம். அவங்க மாசத்துல அவங்க உள்ள வுடல, எங்க மாசத்துல நாங்க போவல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மனு வாங்கும் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, கன்னியம்மாள் சொன்னதை அப்படியே தெலுங்கில் சொன்னார். குமாஸ்தா யோசித்துவிட்டு, ஆமாம், இந்த வருஷம் ஆஷாடம் முன்னாலேயே வந்துவிட்டது, தன் தம்பியின் மாமனார் வீட்டிலும் இதே தகராறு என்றார். அவர்கள் இருவரும் சிறிது நேரம் அமாவாசைக் கணக்கைப் பேசினார்கள். நாங்கள் அங்கே நிற்பதை மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "படிச்சவன்தானே நீ? இவங்க சொன்னத எழுதியிருந்தா நான் படிச்சிருப்பேன். எதுக்கு இந்தப் பொண்ணுக்கு டைபாய்டு கொண்டாந்தே?"

அவர் பின்னைக் கழற்றி சர்டிபிகேட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார். இதை நான் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றார். இரண்டு பஞ்சாங்கத்தையும் ஃபைலில் எழுத முடியாது, எழுதினால் மேலே இருப்பவர்கள் எந்த மாசம் சர்க்கார் மாசம் என்று கேட்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு தேவகியை உள்ளே கூப்பிட்டார்.

"பாப்பா, இப்போ என்ன மாசம்?"

தேவகி அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ. ஆவணி என்றால் ஒரு கட்சி, பாத்ரபதம் என்றால் ஒரு கட்சி.

"செப்டம்பர் சார்" என்றாள்.

"இவளத்தான் மொதல்ல கூட்டியாந்திருக்கணும்" என்று ஆபீசர் குமாஸ்தாவைப் பார்த்தார்.

குடும்பம் இடம் மாறியதால் தாமதம் என்று ஒரே வரியில் வேறு மனு எழுதி, வேறு ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார். வராந்தாவில் நின்றபடியே எழுதினேன். முதல் மனுவுக்கு மூன்று நாள் ஆயிற்று. இதற்கு மூன்று நிமிஷம். மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம், ஹெட்மாஸ்டர் வாசிக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியது, வருஷம் முடிய ஒரு நாளும் லீவு எடுக்கக் கூடாது என்று ஆர்டர் போட்டார். அதை நான் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் கன்னியம்மாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்தாள். அங்கே ஒரு பெட்டிக் கடையில் நின்று, தேங்காய் ஒன்று, கற்பூரம் கொஞ்சம் வாங்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"எழுதி வெச்சியே, அத்த எறக்க."

சித்தூர் ஸ்டாண்டில், எனக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லாம் பார்க்க, தேவகியை நிற்க வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, பிள்ளையார் முன்னால் தேங்காயை உடைக்கச் சொன்னாள். உடைத்தேன். ஒரே அடியில் உடைந்தது. அதன் பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சர்டிபிகேட்டைக் கற்பூரத்திலேயே கொளுத்தினோம்.

7

மறுநாள் காலை தேவகி பள்ளிக்கூடம் போனாள். ஹெட்மாஸ்டர் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். நிறுத்தச் சொன்ன பிறகும் வாசித்துக்கொண்டிருந்தாளாம்.

மத்தியான பஸ்ஸில் நைனா வந்து இறங்கினார். முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பேத்தி வழியில் தின்பதற்கு என்று ஒரு மஞ்சள் பை நிறைய அவித்த நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். "அப்பிடியா, நல்லதுதான்" என்றார். பையைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பள்ளிக்கூட வாசலுக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து, மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தார். பிள்ளைகள் வெளியே வந்தபோது தேவகியோடு அவள் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரு கை கடலை கொடுத்தார். அவர்கள் பேசிய தெலுங்கு அவருக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "ஒக்காந்துட்டா இல்ல, போதும்" என்றார்.

அன்று விளக்கு ஏற்றிய பிறகு கன்னியம்மாள் கேட்டாள், இந்த ஓர் இடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று. தேவகி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நீ சொல்லு, நான் கூட்டுகிறேன் என்று. நான் சொல்லச் சொல்ல எழுதினாள். டைபாய்டுக்கு இரண்டு ரூபாய். டைபாய்டை இறக்கிய தேங்காய், கற்பூரத்துக்கு அரை ரூபாய். பொய் மனுவுக்கு ஸ்டாம்பு முக்கால், நிஜ மனுவுக்கு ஸ்டாம்பு முக்கால். எனக்குக் கம்பெனி பாஸ் உண்டு. அவர்கள் இருவருக்கும் போகவர பஸ் நாலரை. வடை, காபி ஒரு ரூபாய். ஆடி மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகை பன்னிரண்டு.

நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, விரலை மடக்கி, வாய்க்குள் தெலுங்கில் எண்ணிக் கூட்டினாள். கோடு போட்டாள். தலை நிமிர்ந்து, "இரவை ஒக்க ரூபாயல யாபை பைசலு" என்றாள்.

கன்னியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சிலேட்டை வாங்கி, பழக்க தோஷம், தமிழில் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். எனக்கும் அதே தொகைதான் வந்தது: இருபத்தொரு ரூபாய் ஐம்பது நயா பைசா.